சைக்கிள்களுக்கு மட்டும் ஒரு மாற்றுப்பாதை

கால்வாய்ப் பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், பதினெட்டு மாதத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போக முடியாது என்ற செய்தி வந்த அன்று ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒருத்தி மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ரூட்டம்மா. எங்கே குழி தோண்டினாலும், எந்தத் தெருவை அடைத்தாலும், போகிறவர்களை எந்த வழியாகத் திருப்பிவிடுவது என்று வரைவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். காரில் வருகிறவனுக்கு ஒரு வழி, சைக்கிளில் வருகிறவனுக்கு ஒரு வழி என்று எப்போதும் இரண்டாகத்தான் வரைவாள். கேட்டால், "கார்க்காரனைச் சுத்தி அனுப்பினா வாயால திட்டுவான், காலால ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டுப் போயிடுவான். சைக்கிள்காரன் சுத்தறது பூரா முழங்காலால" என்பாள்.

அந்தப் பிரிவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வரைந்தவரே அந்த வழியில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது, எங்கெங்கே நிற்க வேண்டி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வரைபடம் பிரிவின் தலைவரான பெரியவரின் மேசைக்குப் போகும். கார் வழிக்கு அவளே ஓட்டிப் பார்த்துவிடுவாள். ஆனால் சைக்கிள்? ஊரிலுள்ள சைக்கிள்காரர்களுக்கெல்லாம் வழி சொல்லும் ரூட்டம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் ஒரு முறை விழுந்ததோடு அந்த ஆசையைத் தலைமுழுகியிருந்தாள்.

அவளுக்காக ஓட்டியவர் அவள் கணவர். ஆஸ்பத்திரி சிக்னலுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பதினாறு வருடத்துக்கு முன், அவள் வரைந்த முதல் மாற்றுப்பாதையில் சிக்கி, கடைக்குத் தாமதமாகி, நாலு பக்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு நேரில் வந்து நின்றார். "அவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள் அவள் கோபத்தில். அவரும் ஓட்டிக் காட்டினார். அடுத்த வருடம் கல்யாணம் ஆயிற்று. அன்றிலிருந்து எந்த மாற்றுப்பாதையானாலும் சைக்கிளில் முதல் சக்கரம் அவருடையதுதான். ஓட்டி முடித்த அன்று மாலை சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைப்பார்கள். "மூணாவது திருப்பத்துல ஒரு வீட்டு கேட் வெளிப்பக்கமா திறக்குது, மூக்கு போயிருக்கும்" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் சிவப்பு மையால் குறிப்பாள். மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், இவர்களுக்கு இதுதான்.

இந்த வருடம் அதில் மண் விழுந்தது.

மண்ணின் வயது இருபத்து நாலு. பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்த பெண். அலுவலகம் அவளைப் 'புதுசு' என்று கூப்பிட்டது. மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தாலும் மூச்சு மாறாமல் பேசுவாள். தலைக்கவசத்தைக் கைப்பை மாதிரி மாட்டிக்கொண்டு வருவாள். வந்த இரண்டாவது வாரமே பெரியவரிடம் போய், "சார், தனியா ஒருத்தர் ஓட்டினா அளவு சரியா வராது. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் கூடவே போய்க் குறிச்சுக்கணும்" என்று சொல்லி, சரி என்று வாங்கியும் விட்டாள்.

"சைக்கிள்ல போய்க் குறிக்க இங்க யார் இருக்கா?" என்று கேட்டார் பெரியவர்.

"நான் இருக்கேனே சார்" என்றாள் புதுசு.

ஆக, பாலத்துக்கான சைக்கிள் வழியை ஓட்டிப் பார்க்க மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு காலை, கண்ணாடிக் கடைக்காரரும் புதுசும் ஜோடியாகப் போனார்கள். அதே நேரத்தில் ரூட்டம்மா வெளிவட்டச் சாலையில் ஒரு சிமெண்ட் லாரியின் பின்னால் காரில் ஊர்ந்துகொண்டிருந்தாள்.

வழி அவள் வரைந்ததுதான். கால்வாயின் மேல் இருக்கும் நடைபாலத்தில் ஏறி இறங்கி, கிடங்குச் சந்துக்குள் நுழைந்து, ஒரு மேடு ஏறினால் ஆஸ்பத்திரி சிக்னல். மூன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு பக்கமும் பழைய கிடங்குகளின் சுவர். லாரி வராது, பஸ் வராது, சத்தம் கிடையாது. வரைந்தபோது, 'பாவம், சைக்கிள்காரர்கள் நிம்மதியாகப் போகட்டும்' என்று நினைத்துத்தான் வரைந்தாள். அந்த நிம்மதி யார் யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் ஓட்டம் முடிந்த அன்று மாலை மேசையில் வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்தாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? எல்லாத்தையும் அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சே."

"நீங்க பாத்தது?"

"அதுவும் அதேதான் பாத்துச்சு."

பேனாவை மூடினாள். அந்த மூடி விழுந்த சத்தம் அவளுக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பதினாலு வயது மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, அம்மா காதுல புகை வருது. ஜன்னலைத் திறந்து விடுங்க."

"உன் வேலையைப் பாரு" என்றாள் ரூட்டம்மா.

மூன்றாவது ஓட்டம் முடிந்த பிறகு தாள் அவள் மேசைக்கு வந்தது. புதுசின் கையெழுத்து அச்சடித்தது போல அழகாக இருந்தது. அதுவும் ஒரு எரிச்சல். முதல் ஓட்டம் பதினேழு நிமிடம். இரண்டாவது இருபத்திரண்டு. மூன்றாவது இருபத்தாறு. 'நின்ற இடங்கள்' என்ற கட்டத்தில் மூன்று முறையும் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

அவள் அந்தத் தாளை ஒரு முறை படித்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் குறையும்; வழி பழகப் பழகக் கால் தானாகப் போகும். பதினாறு வருடத்தில் ஒரு தாளில்கூட நேரம் ஏறியதில்லை. அதுவும் ஆள் நடமாட்டமே இல்லாத சந்தில். எங்கேயும் நிற்கவும் இல்லையாம். அப்படியென்றால் அந்த ஒன்பது நிமிடம் எங்கே போயிற்று? ஆவியாகவா போயிற்று?

எதிர் மேசையில் வரைபடம் போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் ஸ்கேல் அண்ணன்.

"என்னம்மா, தாளை மோந்து பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. இந்தப் புதுசு நம்ம வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிடுது, கவனிச்சிருக்கீங்களா?"

ஸ்கேல் அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "வந்த புதுசுல சார் சார்னுச்சு. போன வாரம் கீழ சைக்கிளைப் பூட்டிக்கிட்டே பேசுனப்ப கேட்டேன்... ஒண்ணும் சொல்லிக் கூப்பிடலியே. 'இங்க பாருங்க, அங்க பாருங்க'ன்னு மொட்டையா பேசுச்சு."

"மொட்டையாவா?"

"அண்ணான்னு கூப்பிட்டா கவலை இல்லம்மா. சார்னு கூப்பிட்டாலும் கவலை இல்ல. மொட்டையா பேசுனாத்தான்..." அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, "நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று ஸ்கேலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். போட்ட கோடு கோணலாகப் போனது.

அன்று மாலை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"ஏங்க, மூணாவது ஓட்டத்துல நேரம் கொஞ்சம் கூடிருச்சே?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும், தொழிலே அதுதான். "அதுவா... டிராஃபிக்."

"கிடங்குச் சந்துலயா?"

"ஆமா. ஒரே கூட்டம்."

கத்தி நின்றது. கிடங்குச் சந்தில் கூட்டம்! அந்தச் சந்தில் ஒரு பூனை குறுக்கே போனால் அதுதான் கூட்டம். அவருக்குப் பொய் சொல்ல வராது. பதினாறு வருடத்தில் அவர் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அத்தனையும் அவளுடைய சமையலைப் பற்றியவை. இது வேறு மாதிரிப் பொய். கண்ணைப் பார்க்காமல் சொன்ன பொய்.

"சரி" என்றாள். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

இரவெல்லாம் மனசுக்குள் கணக்கு ஓடியது. புதுசு தங்கியிருக்கும் விடுதி அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அலுவலகம் ஆஸ்பத்திரி சிக்னலில். கண்ணாடிக் கடையும் அங்கேதான். பாலம் மூடிவிட்டால் தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நடைபாலம் ஏறி, ஒரே சந்துக்குள் போவார்கள். தானோ மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வரைபடச் சுருள்களைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, காரில் ஏழு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். பதினெட்டு மாதம்! அந்தச் சந்தைத் தன் கையாலேயே, ஸ்கேல் வைத்து, அளவு பார்த்து வரைந்து கொடுத்திருக்கிறாள். இப்படி ஒரு காரியத்தை உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாவது செய்திருப்பாளா?

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனாள். சைக்கிள் வழியை அழித்தாள். நடைபாலம் வேண்டாம், கிடங்குச் சந்து வேண்டாம். வெளிவட்டச் சாலையிலிருந்து கார்கள் ஆஸ்பத்திரி சிக்னலுக்கு வரும் சந்தை ரோட்டிலேயே இடது ஓரமாக, ஆரஞ்சு நிற கோன் வரிசை வைத்துச் சைக்கிள்களுக்கு ஒரு பட்டை ஒதுக்கினாள். போகிறவர்கள் சேர்ந்தே போகட்டும். ஆனால் தன் கார் கண்ணாடிக்கு முன்னால் போகட்டும்.

'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: 'கிடங்குச் சந்தில் நேர அளவு சீராக இல்லை.' பெரியவர் ரூட்டம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார், மற்றதைப் பார்க்கவில்லை; புது வழியை யாரும் மூன்று முறை ஓட்டிப் பார்க்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புதுசுதான் வந்து நின்றாள். "மேடம், சந்தை ரோட்டுல காலையில சரக்கு இறக்குவாங்களே?"

"கோன் வெச்சிருக்கோம்ல?"

"கோன் பிளாஸ்டிக் மேடம். லாரிக்கு அது தெரியாது."

"நான் பதினாறு வருஷமா வரையறேன்மா" என்றாள் ரூட்டம்மா. அதற்கு மேல் அந்தப் பெண்ணால் என்ன பேச முடியும்? வழியைப் பற்றிய புது அறிவிப்பு ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. வரைந்தவர் பெயரை அறிவிப்பில் போடும் பழக்கம் கிடையாது.

வீட்டில் அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் மகளின் புத்தகங்கள் மட்டும் விரிந்திருந்தன.

பாலம் மூடிய திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ரூட்டம்மா மஞ்சள் மேலுடையை மாட்டிக்கொண்டு சந்தை ரோட்டு முனையில் நின்றாள். முதல் நாள் நேரில் நின்று பார்ப்பது அவள் வழக்கம். ஏழு நாற்பதுக்கெல்லாம் சரக்கு லாரிகள் வந்துவிட்டன. முதல் லாரி ஓரமாக ஒதுங்கியபோது நாலு கோன் அதன் அடியில் போய் அப்பளமாயிற்று. இரண்டாவது லாரிக்காரன் இறங்கி வந்து, மீதிக் கோன்களைப் பொறுப்பாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தில் லாரியை நிறுத்தினான். அவனுக்கு அவ்வளவு பொறுப்பு.

சைக்கிள்கள் வந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தபால்காரர், ஆஸ்பத்திரிச் சீருடையில் இரண்டு நர்சுகள். லாரியின் ஓரத்துக்கும் பஸ்ஸின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. ஒவ்வொருவரும் அதற்குள் நுழையும்போது ரூட்டம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். பின்சீட்டில் குழந்தையைக் கட்டி உட்காரவைத்திருந்த ஒரு தாய் பாதியிலேயே இறங்கிவிட்டாள். சைக்கிளை நடைமேடைக்குத் தூக்கித் தள்ளிக்கொண்டு வந்தவள், மஞ்சள் மேலுடையைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏங்க, எந்தப் புண்ணியவான் வரைஞ்ச ரூட்டு இது? அவர் வீட்டுல சைக்கிள்ல போறவங்க யாருமே கிடையாதா?"

ரூட்டம்மா வாயைத் திறந்தாள். அந்தத் தாய் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அதற்குள் அவர் வந்துவிட்டார். தூரத்திலேயே தெரிந்தது; வெள்ளைச் சட்டை, சற்று முன்னால் சாய்ந்து மிதிக்கும் அந்த மாதிரி. தனியாகத்தான் வந்தார். லாரியை நெருங்கும்போது அதன் கதவு படாரென்று திறந்தது. அவர் பிரேக் பிடித்தார், சைக்கிள் வழுக்கியது, அடுத்த நொடி அவர் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாகக் கிடந்தார். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஒரு முழம் இடைவெளி இருந்தது. அந்த முழத்தை அவளால் ஆயுளுக்கும் மறக்க முடியாது.

ஓடினாள். "என்னங்க! என்னங்க!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பேண்ட்தான் கிழிஞ்சுது." முழங்கையில் ரத்தம். நடைமேடையில் உட்காரவைத்தாள். அவர் பதற்றத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "யாரு வரைஞ்சது இது? பெரியவரா? நீ லீவு போட்ட அன்னைக்கு யாராவது மாத்திட்டாங்களா? நீ போய்ச் சண்டை போடு. உன்னை அவங்க கேட்டிருக்கணும். நீ வரைஞ்சா இப்படி இருக்காதே."

அதைவிட அவர் ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"நான்தான் வரைஞ்சேன்" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏன்?"

"ஒன்பது நிமிஷம்."

"என்ன ஒன்பது நிமிஷம்?"

"பதினேழு நிமிஷ வழியில இருபத்தாறு நிமிஷம் ஆச்சு. எங்கயும் நிக்கலைன்னு எழுதியிருக்கு. டிராஃபிக்னு என்கிட்ட பொய் சொன்னீங்க. அந்தச் சந்துல நீங்களும் அந்தப் பொண்ணும் ஒன்பது நிமிஷம் என்ன பண்ணீங்க?" பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "சும்மா இருய்யா!" என்று அவரைப் பார்த்துக் கத்தினாள்.

கணவர் தலையைக் குனிந்தார். முழங்கையில் அவள் கட்டிய கைக்குட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்திருந்தேன்" என்றார் கடைசியில்.

"உக்காந்து?"

"மூச்சு வாங்கினேன். அந்த மேடு ஏற முடியல. மொத தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிட்டேன். மேல போனதும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணு பாத்துருச்சு. அடுத்த தடவை மேடு தொடங்கறப்பவே, இறங்குங்க, உக்காருங்கன்னுச்சு. அங்க ஒரு குட்டிச் சுவர் இருக்கு. மூணாவது தடவை மூணு எடத்துல நின்னோம்."

"தாள்ல இல்லைன்னு..."

"நான்தான் எழுத வேணாம்னு கெஞ்சினேன்." அவர் காது சிவந்திருந்தது. "நின்னேன்னு எழுதினா நீ கேப்பே. கேட்டா, இனிமே ஓட்ட வேணாம், அந்தப் பொண்ணு ஓட்டட்டும்னு சொல்லிருவே. உனக்குன்னு நான் பண்ற வேலை அது ஒண்ணுதானே? அதுவும் போயிடுச்சுன்னா, எனக்கும் உங்க ஆபீஸ் வாட்ச்மேனுக்கும் என்ன வித்தியாசம்?"

ரூட்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நெஞ்சில் பெரிய பாறை ஒன்று உருண்டு கீழே இறங்கியதும், அது இருந்த இடத்தில் ஒரு சின்னக் கல் மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தது. தன் கணவருக்கு மூச்சு வாங்குகிறது என்பது தனக்குத் தெரியும் முன்னால் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் 'உட்காருங்கள்' என்று சொன்னது இன்னொரு குரல்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"இன்னைக்கே பாக்கறோம். நாம ரெண்டு பேரும்" என்றாள். "அடுத்த தடவை மூச்சு வாங்குச்சுன்னா மொதல்ல எனக்குத்தான் தெரியணும். ஊருக்கெல்லாம் அப்புறம் தெரியட்டும்."

அந்த நேரம் பார்த்துப் புதுசு வந்து சேர்ந்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த கோன்களை இரண்டு கையிலும் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தவள், இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொல்லிட்டாரா மேடம்?" என்றாள் மெதுவாக.

"தாள்ல பொய் எழுதக் கூடாதும்மா" என்றாள் ரூட்டம்மா. கண்டிப்பாகத்தான் ஆரம்பித்தாள்.

"தப்புதான் மேடம்." அந்தப் பெண் தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "காரணம்கிற கட்டத்துல நீங்களும் எழுதினீங்களே மேடம்."

ரூட்டம்மா குனிந்து நசுங்கிக் கிடந்த ஒரு கோனை எடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து கோன்களைப் பொறுக்கினார்கள்.

பத்து மணிக்குப் பெரியவரின் அறையில் போய் நின்றாள். வழியை நான் தப்பாக மாற்றிவிட்டேன், இன்றே பழைய வழிக்குத் திருப்ப வேண்டும் என்றாள். காரணம் என்ன என்றார் அவர். சொந்த விஷயம் என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டுப் படிவத்தைக் காட்டினார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல சொந்த விஷயம்னு எழுதறதா?"

"வரைந்தவரின் தவறுன்னு எழுதிக்கறேன் சார்."

"பதினாறு வருஷத்துல நீங்க வரைஞ்ச எதையும் நான் திருப்பிப் பாத்ததில்ல" என்றார். திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "இனிமே பாப்பேன்."

அது அவளுக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சந்தை ரோட்டுப் பலகைகள் இறங்கின. சாயங்காலம் டாக்டர், வயசுக்கேற்ற களைப்புத்தான், ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மெதுவாக மிதிக்கட்டும், மேடு மட்டும் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்றார். ஆனால் மேடு அங்கேயேதான் இருந்தது. நாற்பத்தேழு வயதில் இவருக்கு மூச்சு வாங்கினால், ஊரில் நாற்பத்தேழு வயதைத் தாண்டிய சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் வாங்கும். அவர் மறைத்த மூன்று நிறுத்தங்கள் தாளில் ஏறின. "அரசாங்கத் தாள்ல போயி என் மூச்சை எழுதுவாங்களா?" என்று அவர் நெளிந்தார். அன்று மாலை சாப்பாட்டு மேசையிலிருந்து மகளின் புத்தகங்கள் அலமாரிக்குப் போயின; வரைபடம் விரிந்தது. மேடு ஏற முடியாதவர்களுக்காகக் கிடங்குகளின் பின்பக்கமாக, சமதளத்தில் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். அறுநூறு மீட்டர் கூடுதல். ஆனால் ஒரு இடத்திலும் ஏற்றம் கிடையாது.

புதன்கிழமை காலை அதைப் பார்க்கப் போனார்கள். ரூட்டம்மாவும் போனாள், நடந்து. அந்தப் பக்கம் கார் போகாது. அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தார். புதுசு முன்னால் மிதித்துப் போய் அளந்துகொண்டிருந்தாள். சந்துக்குள் நுழைந்ததும் ரூட்டம்மாவின் கண் இரண்டு பக்கமும் எதையோ தேடியது.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. அந்த ஒன்பது நிமிஷமும் என்னதான் பேசினீங்க?"

"உன்னைப் பத்தித்தான்."

"புளுகாதீங்க."

"நிஜமா. ஒரு தெருவைப் பாத்த ஒடனே அதுல யாரு யாரு போவாங்க, எங்க தடுக்கி விழுவாங்கன்னு மேடம் எப்படிச் சொல்றாங்கன்னு கேட்டுச்சு. அவ தெருவைப் பாக்கற மாதிரி என்னைப் பாத்திருந்தா நான் எப்பவோ மாட்டியிருப்பேன்னு சொன்னேன்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எங்க உக்காந்தீங்க?"

அவர் காட்டினார். மேடு தொடங்கும் இடத்தில், காரை பெயர்ந்த ஒரு குட்டிச் சுவர். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ரூட்டம்மா நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் இரண்டு முறை இடம் மாற்றி உட்கார்ந்து பார்த்தாள்.

"களைச்சுட்டியா?" என்றார் அவர்.

"இல்ல."

"அப்புறம்?"

"உக்காருங்க."

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. "கிட்ட வாங்க" என்றாள். வந்தார்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. கிடங்கின் மூலையில் புதுசு திரும்பி வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். "சார், என்னாச்சு? மறுபடியும் மூச்சு வாங்குதா? தண்ணி வேணுமா?"

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று ரூட்டம்மா முந்திக்கொண்டாள். "நீ போ. நாங்க வர்றோம்."

"எவ்வளவு நேரம் ஆகும்னு குறிச்சுக்கட்டுமா மேடம்?"

"அதெல்லாம் குறிக்க வேணாம்."

அந்தப் பெண் ஒரு நொடி பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். அவள் கிடங்கு மூலையைத் தாண்டி முழுசாக மறையும் வரை ரூட்டம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.